ஒன்றரை ஷிப்டும் விசுவாசமும்

கோவையிலிருந்து அவிநாசி போகும் நெடுஞ்சாலையில் கணியூர் சுங்கச்சாவடியைத் தாண்டினால் கருமத்தம்பட்டி. செபமாலை அன்னை ஆலயம் இருக்கும் அந்த ஊர், கொங்கு நாட்டுக் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய தலங்களுள் ஒன்று. ஒரு பக்கம் சோமனூர் வரை விசைத்தறிச் சத்தம். இன்னொரு பக்கம் திருப்பூர் வரை பனியன் கம்பெனிகள். இந்த வட்டாரத்தின் பனியன் தொழிலில் வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும். மறுநாள் காலை ஆலயத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்வார்கள். விசுவாசம் பெரிதா, நற்கிரியை பெரிதா என்ற ஐந்நூறு ஆண்டு வழக்கை இந்தச் சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அப்படிப் பார்த்தால், நாம் நற்கிரியை என்று எதைக் கணக்கில் எழுதுகிறோம் என்பதிலேயே பிழை இருப்பது தெரியும்.

வழக்கின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அன்றி விசுவாசத்தால் நீதிமானாகிறான் என்று வாதிட்டார். லூத்தர் அந்த வசனத்தை ஜெர்மானியத்தில் பெயர்த்தபோது ‘மட்டும்’ என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தார். 1522இல் எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். விசுவாசம் மட்டும் என்ற தொடர் புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில், யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அங்கும் அது போதாது என்று மறுப்பதற்காக வருகிறது. 1547இல் திரெந்துச் சங்கம் லூத்தரின் நிலையைக் கண்டித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: மீட்பு கிருபையின் கொடை, நற்செயல் அதன் கனி. அடிப்படையில் சண்டை தீர்ந்தது. ஆனால் கனி என்று சொல்லிவிட்டால் போதுமா? எந்த மரத்தில், யார் பறிக்கும்படி காய்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தமிழில் இந்த வழக்குக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. சைவ மரபில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகள் சொல்லப்படுவதால், கிரியை என்றதும் சடங்கின் வாசனை வந்துவிடுகிறது. பவுல் மறுத்தது பெரும்பாலும் விருத்தசேதனம், உணவு விலக்கு போன்ற அடையாளக் கிரியைகளை என்பதால், அவரைப் புரிந்துகொள்ள அந்தச் சொல் உதவவே செய்கிறது. யாக்கோபு பேசுவதோ ஆடையற்றவருக்கு ஆடை, பசித்தவருக்கு உணவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் இருவரும் மோதிக்கொள்வதாகத் தோன்றுகிறது. விசுவாசம் என்ற சொல்லோ நமக்குக் கிடைத்த வரம். ஊர் வழக்கில் விசுவாசமானவன் என்றால் உப்பிட்டவரை மறக்காதவன். ஒரு கருத்தை மனத்தால் ஒப்புக்கொண்டவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கிரேக்க மூலச் சொல்லான பிஸ்டிஸுக்கும் இந்த நாணயம், பற்றுறுதி என்ற பொருள் உண்டு. அந்தப் பொருளில் படித்தால் செயலற்ற விசுவாசம் என்பது சொல்லளவிலேயே நிற்காது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை’ என்று மாற்றியதில் தெளிவு கூடியது. இந்தக் கடப்பாட்டின் கனம் மட்டும் சற்றுக் குறைந்தது என்றே நினைக்கிறேன்.

கிருபையை முதலில் வைக்கும் போதனையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. புண்ணியம் சேர்க்கக் கொடுப்பவருக்கு ஏழை ஓர் ஏணிப்படி. மீட்பு ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவருக்கு அந்த ஏணி தேவையில்லை. அயலாரின் தேவையை அதற்காகவே பார்க்க முடிகிறது. 1520இல் லூத்தர் எழுதிய ‘கிறிஸ்தவரின் சுதந்திரம்’ நூலின் நடுநாடி இதுவே. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு விசுவாசத்தால் மட்டுமே நீதி என்று போதித்த லூத்தரன். அவர் வந்த இடத்தில் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் எழுந்தன. ஆண் மருத்துவரிடம் மனைவியரைக் காட்ட மறுத்த வீடுகளில் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போனவர் ஐடா ஸ்கடர். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையே திறந்தார். தேவை எதுவோ அதுவே செயலின் வடிவத்தை முடிவு செய்தது.

இதே நற்பணிதான் தூண்டில் என்ற பழியையும் சுமந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின் போது திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளை நாடி வந்தார்கள். கூழுக்கு மதம் மாறினார்கள் என்ற பேச்சு அன்றே எழுந்தது. பட்டினி கிடப்பவரின் நோக்கத்தைத் துருவுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொடுப்பவரின் நோக்கத்தைக் கேட்கலாம். ஆள் சேர்ப்பதற்காகக் கொடுத்திருந்தால் அதுவும் ஏழையை ஏணியாக்கியதுதான். புண்ணியக் கணக்குக்குப் பதில் சபைக் கணக்கு.

இதைவிட ஆழமான குறை, அதிகம் பேசப்படாத குறை, நற்கிரியையைக் கொடையாக மட்டும் சுருக்கியது. தவக்காலத்தில் ஒறுத்தல் காணிக்கை, கிறிஸ்துமஸுக்குப் புடவை, அன்பின் விருந்து, தசமபாகம்: ‘நற்செயல்’ என்றதும் சபையின் நினைவுக்கு வருபவை இவை. எல்லாம் நல்லவை; எல்லாம் மிச்சத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவை. ஆனால் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொன்ன அதே யாக்கோபு, ஐந்தாம் அதிகாரத்தில் காட்டும் உதாரணம் வயலறுத்தவருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி. அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல் இந்த இடத்தைத்தான் சான்று காட்டியது.

இதைத் திருப்பூர்க் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரை வரை தைத்தால் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று வகுத்தது. அதன் இடத்தில் வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி நேர வேலைக்கு எட்டு மணி நேரக் கூலி சேர வேண்டும். ஆக மொத்தம் இரண்டு ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் என்ற சொல் புழங்கும் இடத்திலெல்லாம், ஒன்றரைக் கூலியே கொடுக்கப்பட்டால், ஒவ்வொரு நாளும் அரை ஷிப்ட் யாருடைய கையிலோ தங்கிவிடுகிறது. அதிலிருந்து ஒரு பகுதி காணிக்கைக் கவரில் போனால், அது கொடுத்தவருடைய காணிக்கையா?

இதற்குச் சொல்லப்படும் மறுப்பில் உண்மை இருக்கிறது. பையர் விலையை இறுக்குகிறார், நூல் விலை ஏறுகிறது, பணம் மாதக்கணக்கில் இழுக்கிறது; ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்காரர் தாமே கூலிக்காரர் நிலையில் இருக்கிறார், அவரிடம் போய் நிருபத்தை நீட்டுவதா என்று கேட்கிறார்கள். பொறுப்பு சங்கிலியின் மேல்கண்ணிகளில்தான் கனமாக இருக்கிறது என்பதை ஏற்கிறேன்; நான்கு மெஷின் வைத்திருப்பவரையும் ஏற்றுமதியாளரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநீதி. ஆனால் கொடுக்க முடியாதவர், ‘முடியவில்லை, இது உனக்கு நான் பட்ட கடன்’ என்று தொழிலாளியிடம் சொல்ல முடியும். ஆர்டர் கிடைத்ததைச் சாட்சியாகச் சொல்லும் இடத்தில் அந்தக் கடன் மறைந்துபோவதுதான் என் கவலை. இறையியல் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும்: கூலியைப் பேசினால் மீண்டும் கிரியையால் மீட்பு என்ற இடத்துக்கே போகிறோம் அல்லவா? சகேயுவின் கதையைக் கவனித்தால் இந்த அச்சம் விலகும். இயேசு அவன் வீட்டுக்கு வருவேன் என்று சொன்னது முதலில். அவன் பேசியது பிறகு. பேசும்போதும் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே வைக்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பெற்றதற்கு நான்கு மடங்கு திருப்பித் தருவது. முதலாவது கொடை, இரண்டாவது கடன். நம் சபைகள் முதலாவதை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

கடன் என்பது பணம் மட்டுமல்ல என்பதற்கும் கருமத்தம்பட்டியே சாட்சி. 1846 அக்டோபர் 4 அன்று அங்கே ஆயராகத் திருநிலைப்பட்டவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக்காரர். கோவை மறைப்பகுதியின் பொறுப்பு பின்னர் அவரிடம் வந்தது. ஒரே நற்கருணையைப் பெற்றவர்கள் சாதி பார்த்துப் பிரிந்து நின்றார்கள். மலபார்ச் சடங்குகள் என்ற பெயரில் 1744இன் திருத்தந்தை ஆணை சில சலுகைகளுக்கு இடம் வைத்திருந்தது, தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குருக்கள் என்பது உட்பட. இதில் எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று பிரெசிலாக்கின் மனச்சாட்சி ஓயவில்லை. ரோமுக்குப் போய் முறையிட்டார். 1855இல் பதவி விலகல் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கி, 1859இல் ஃப்ரீடவுனில் இறந்தார். அவர் விலகியதால் கருமத்தம்பட்டியில் சாதி விலகவில்லை, உண்மைதான். ஆயினும் பதவியில் நீடித்துப் பள்ளிகளும் தர்மச்சாலைகளும் எழுப்பியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பந்தியில் சமமாக உட்கார வைக்க வேண்டிய கடனை அத்தகைய கொடைகளால் ஈடுகட்ட முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே அந்த விலகலை வாசிக்கிறேன்.

நம் பங்குப் பேரவைகளிலும் சபைக் கமிட்டிகளிலும் யூனிட் வைத்திருப்பவரும் மெஷினில் உட்காருபவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்கிறார்கள். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்று மலைப்பிரசங்கம் வரிசையைக் கூடச் சொல்லித் தந்திருக்கிறது. லெந்து நாட்களில் உண்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு மாலை, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அரை ஷிப்டை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளச் சபை இடம் தரலாம்.