அனாதைப் பெண்ணின் சமையல் குறிப்பு

சமையல் புத்தகத்துக்குப் போய் விமர்சனமா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். நாவலில் ஓர் அத்தியாயம் சொதப்பினால் கொட்டாவியோடு போச்சு. சமையல் குறிப்பில் ஒரு வரி விட்டுப்போனால் பந்தியில் உட்கார்ந்த பத்து பேர் முகத்தை எப்படிப் பார்ப்பது? எது பெரிய குற்றம், நீங்களே சொல்லுங்கள்.

புத்தகத்தின் பெயர் 'அமெரிக்கன் குக்கரி'. 1796-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அச்சானது. மொத்தம் 47 பக்கம். அமெரிக்கர் எழுதி அமெரிக்காவில் வெளியான முதல் சமையல் நூல் என்று பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். எழுதியவர் அமேலியா சிம்மன்ஸ். தான் ஓர் அனாதை என்பதை முகப்பிலேயே போட்டுக்கொள்கிறார். பெற்றோரை இழந்து, பிறர் வீட்டில் வேலைக்குப் போக நேர்ந்த பெண்களுக்காக எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். அதாவது, அடுப்பு பக்கத்தில் நின்று சொல்லித்தர அம்மா இல்லாதவர்களுக்கு. புத்தகத்தை இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

நிறுத்துப் பார்க்க நான் எடுத்தது வான்கோழி ஸ்டஃபிங். நவம்பர் நான்காவது வியாழன், நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழிக்குத் துணையாக வரும் ரொட்டிப் பண்டம். கோழியின் வயிற்றுக்குள் அடைத்தால் ஸ்டஃபிங். தனியாகத் தட்டில் வைத்து பேக் செய்தால் டிரெஸ்ஸிங். தெற்கு மாநிலங்களில் இரண்டுக்குமே டிரெஸ்ஸிங்தான்.

சிம்மன்ஸ் தரும் கணக்கு: மெத்தென்ற கோதுமை ரொட்டி சுமார் 450 கிராம், மாட்டுக்கொழுப்பு 85 கிராம், முட்டை மூன்று, தைம், மார்ஜோரம், மிளகு, உப்பு. வேண்டுமானால் கொஞ்சம் ஒயின். உள்ளே அடைத்துத் தை, நெருப்பில் வாட்டு. அவ்வளவுதான். கோழியின் மார்பிலிருந்து ஆவி வந்தால் வெந்துவிட்டது என்கிறார். அபாரமான வரி! கடிகாரம் இல்லாத பெண்ணுக்குக் கண்ணையே கடிகாரமாக்கித் தருகிறார். தொட்டுக்கொள்ள கிரான்பெர்ரி சாஸோடு 'மாங்கோ'வும் சொல்கிறார். நம் மாம்பழம் இல்லை, ஊறுகாய் போட்ட முலாம்பழம். மாங்காய் என்ற நம்ம ஊர்ச் சொல் போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஊறுகாய் போட்டதெல்லாம் மாங்கோ என்றாகிவிட்டிருந்தது!

இனி குறை. ரொட்டியை எப்படிப் பிய்ப்பது? இந்தக் குறிப்பில் இல்லை. அடுத்ததில் துருவச் சொல்கிறார். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும்? இரண்டிலுமே மூச்சில்லை. வயிற்றுக்குள் வேகும்போது கோழியின் சாறு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தட்டில் வேகும்போது உங்கள் கைதான் பார்க்க வேண்டும். தண்ணீர் கூடினால் களி, குறைந்தால் ரஸ்க். இது அம்மா சொல்லித்தரும் சங்கதி. அம்மா இல்லாதவளுக்கு எழுதிய புத்தகம், சரியாக அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது.

முழுப் பழியையும் அவர் தலையில் கட்டுவதற்கில்லை. அச்சுக்குத் தயார்செய்யக் கொடுத்த ஆள் முக்கியமான சரக்குகளை விட்டுவிட்டு, வேண்டாததைச் சேர்த்துவிட்டதாக அவரே புகார் சொல்லியிருக்கிறார். எழுத்தை நம்பி இன்னொருவர் கையில் கொடுத்த கஷ்டம்.

விட்டுப்போன வரியை 1972-ல் ஒரு கம்பெனி எழுதியது. ஜெனரல் ஃபுட்ஸின் 'ஸ்டவ் டாப்'. டப்பாவைப் பிரி, வெந்நீரும் வெண்ணெயும் சேர், ஐந்து நிமிஷம். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ரூத் சீம்ஸ் என்ற மனையியல் நிபுணர். 1975-ல் கிடைத்த காப்புரிமையின் உயிர்நாடி என்ன தெரியுமா? ரொட்டித் துணுக்கின் அளவு! அம்மாவின் விரலுக்குத் தெரிந்திருந்தது, அட்டைப்பெட்டியில் விலைக்கு வந்தது.

டப்பாவைத் திட்டமாட்டேன். மிச்ச ரொட்டியை வீணாக்காமல் பண்டிகைக்கு உரியதாக்கிய சிக்கனம் அதில் இல்லை, அதுதான் வருத்தம். வீட்டில் செய்வது பெரிய வித்தையில்லை. அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி அவனில் காயவிடுங்கள். பழசாவது வேறு, காய்வது வேறு. உறைக்குள் மூடிவைத்த ரொட்டிகூட மாவுச்சத்து இறுகிப் பழசாகும். காய்ந்ததுதான் சாறை நன்றாக இழுக்கும். வெங்காயம், செலரியை வெண்ணெயில் வதக்கி, சேஜ், தைம் போட்டு, முட்டை அடித்து ஊற்றி, சிக்கன் ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. 180 டிகிரியில் முக்கால் மணி. வயிற்றுக்குள்தான் அடைப்பேன் என்று அடம்பிடித்தால், அடைத்ததன் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். இல்லாவிட்டால் சால்மொனெல்லாவும் விருந்துக்கு வரும்.

என் தீர்ப்பு: சிம்மன்ஸ் கண்ணுக்குச் சொல்லித்தந்தார், கைக்குச் சொல்லித்தரவில்லை. பாதி மார்க். ஆனால், 'பிடித்தால், பிழிந்தால்' என்ற அந்த ஒரு வரியை உங்கள் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். அப்புறம் அது முழுமையான புத்தகம்.