கட்டையைச் சுரண்டும் கை

தம்புள்ளையில் ஒரு தச்சுப் பட்டறை. ஜன்னல் சட்டங்களுக்கு நடுவே சாக்கில் சுற்றிய துவக்குக் கட்டை ஒன்று கிடந்தது. குழலையும் விசைப்பொறியையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மரத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார் சொந்தக்காரர். தகப்பன் காலத்திலிருந்து அனுமதிப்பத்திரத்தோடு பன்றிக் காவலுக்கு நிற்கும் ஒற்றைக்குழல் துவக்கு அது. "புதுசு மாதிரி இருக்கோணும் பாஸ்" என்றார். தச்சுப் பாஸ் மெஷினில் சாண்ட் பேப்பரைப் பூட்டினார். கை வழுக்காதிருக்கப் பிடியில் வெட்டியிருந்த சாய்சதுரக் கோடுகள் பத்து நிமிடத்தில் மறைந்தன. கன்னம் பதிந்து பதிந்து கறுத்த இடமும் அடுத்து வெளுத்துப்போனது.

பழைய வேட்டைத் துவக்கில் கைவைக்கவே கூடாது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மரம் சும்மா விட்டாலும் கெடும். துவக்கைக் குழல் மேலே பார்க்க மூலையில் சாத்திவைக்கிறோம். பொறிக்கு விட்ட எண்ணெய் வருடக்கணக்கில் கீழே கசிந்து, இரும்பு உட்காரும் குழியை ஊறவைத்து மெதுவாக்கிவிடும். கச்சான் காற்றில் காய்ந்து சுருங்குவதும் மார்கழி மழையில் ஊதுவதுமாக இருக்கும் மரத்தில் இரும்பு பொருந்தாமற் போனால், சுடும்போது வரும் உதைப்பு ஓரிடத்திலேயே இறங்கிப் பிடியை வெடிக்கவைக்கும். அந்த வெடிப்பைப் பசையிட்டு இறுக்குவது, சுண்ணப்பொடி அப்பி எண்ணெயை உறிஞ்சவைப்பது, நசுங்கிய இடத்தில் ஈரத்துணி போட்டு அயன் பெட்டியால் சூடுகாட்டி மரத்தை எழுப்புவது எல்லாம் வைத்தியம். இதைச் செய்யாதவர் துவக்கைக் காப்பாற்றவில்லை, சாகவிடுகிறார்.

பழசு என்றால் தொடாதே என்ற பேச்சு இந்த ஊருக்கு ஒட்டாது. மலைமேல் குகை விகாரையில் நாம் அண்ணாந்து பார்க்கும் ஓவியங்களில் பெரும்பாலானவை கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், பழைய பூச்சுக்கு மேல் தீட்டப்பட்டவை. யுனெஸ்கோ 1991இல் உலக மரபுரிமையாக ஏற்றது அந்தப் புதுப்பித்தலையும் சேர்த்துத்தான். கண்டிக் கொல்லர்களும் பறங்கியர் கொண்டுவந்த துவக்கை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பொறியை இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். பிடங்கை இரண்டாகச் சுருட்டிச் செதுக்கி, தந்தமும் வெள்ளியும் பதித்தார்கள். துவக்கைத் தனக்கேற்ப மாற்றுவது இறக்குமதிப் பழக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் அவர்களுடைய வேலை சேர்க்கும் வேலை. இதே மாத்தளை மாவட்டத்தில் பல்லேஹாபுவிட அரக்குக் கைவினைஞர்கள் அரக்கைச் சூடாக்கி நூலாக இழுத்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளி மரத்தில் ஒட்டுவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த வேலைக்கும் இடமுண்டு. ஒட்டிய அரக்கைச் சூடுகாட்டி எடுத்துவிடலாம். சாண்ட் பேப்பர் தின்ற மரத்தை எங்கே போய் எடுப்பது? பிடங்கை அறுத்துக் குட்டையாக்குவதும் இதே கணக்குத்தான். தகப்பனின் நீண்ட கைக்கு அளந்த கட்டை மகனுக்கு இடிக்கிறது என்பது நியாயமான குறை. ஆயினும் அறுத்த துண்டை எறியாமல் வைத்திருக்கிறவரை நான் இன்னும் காணவில்லை.

பூச்சு விஷயம் அவ்வளவு நேரல்ல. தளபாட வார்னிஷ் பளபளக்கும், முதல் மழையைத் தாங்கும். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் நீர் உள்ளே போய்த் தோல் உரிந்த மாதிரி ஆகும், அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. ஆளி எண்ணெய் மங்கலாகத்தான் இருக்கும், ஈரத்தையும் முழுசாகத் தடுக்காது, மழைக்காலத்தில் பச்சையாகத் தடவினால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையால் தேய்த்தால் போதும், பழைய பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை. நான் எண்ணெய்ப் பக்கம். (எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும்.)

இரண்டு வாரம் கழித்து அந்தத் துவக்கைப் பூட்டிய பிறகு பார்த்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. முன்பு இரும்பும் மரமும் ஒரே மட்டத்தில் சேர்ந்த இடத்தில் இப்போது மரம் தாழ்ந்து, இரும்பின் விளிம்பு நகக்கனத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. சொந்தக்காரர் பேசிக்கொண்டே பெருவிரலால் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.