மதிப்புரைக்குச் சம்பளம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க விமரிசகர் தேவையில்லை. கடைக்காரர் கிள்ளிக் கொடுப்பதை வாயில் போட்டால் தெரிந்துவிடும். ராஜபாளையத்தில் வீடியோ விளையாட்டு வாங்கும் பையனோ முதலில் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே மதிப்புரையை நம்புகிறான். மதிப்புரைக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

அமெரிக்காவில் 2007-ல் 'கேம்ஸ்பாட்' தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் 'கேன் அண்டு லிஞ்ச்' விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறுதான் போட்டார். அதன் விளம்பரமோ அந்தத் தளமெங்கும் தொங்கிற்று! மனிதருக்கு வேலை போயிற்று. நிர்வாகம் அன்று மறுத்தது. விளம்பரக்காரர் நெருக்குதலே காரணம் என்று 2012-ல் அவரே சொன்னார்.

நம் வாசனும் விகடனையும் ஜெமினியையும் ஒருங்கே நடத்தியவர்தாம். ஆனால் அது ஊரறிந்த உறவு. 1948-ல் 'சந்திரலேகா'வைப் பற்றி விகடன் என்ன சொல்லியிருந்தாலும் வாசகர் சற்றுக் கழித்துக்கொண்டு படித்திருக்கலாம். கெர்ஸ்ட்மன் போட்ட ஆறை நான் நம்புகிறேன். வேலை போகாமல் தப்பியவர்கள் போடும் ஒன்பதுகளைப் பற்றித்தான் சந்தேகம்.