படமாகிய சூத்திரம்: இணையத் தமிழில் கணிதக் குறியீடுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையப் பக்கங்களில் கணிதச் சூத்திரங்களைப் படமாக ஒட்டும் வழக்கத்தை இக்கட்டுரை திறனாய்கிறது. உலாவிகளின் குறைபாடு பெரிதும் நீங்கிய பின்னும் இவ்வழக்கம் தொடர்வது பதிப்பு நெறியின் குறையே என்பதும், இதனால் இழப்புக்குள்ளாவது தமிழ் எழுத்தே என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கணிதச் சூத்திரம், உலாவி, மேத்எம்எல், ஒருங்குறி, தமிழ்ப் பின்னங்கள்

முன்னுரை

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைக் கடந்தால் சிறுசேரி மென்பொருள் பூங்கா வருகிறது. மென்பொருள் நிறுவனங்களுக்கு இடையே சென்னைக் கணிதவியல் கழகமும் அங்கு அமைந்துள்ளது. கணினியும் கணிதமும் இவ்வாறு அண்டை வீட்டாராக வாழும் காலத்திலும், தமிழில் எழுதப்படும் கணிதம் இணையத்தில் பல இடங்களில் படமாகவே கிடக்கிறது. இதற்கு உலாவியைக் காரணம் கூறுவது இன்னும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

உலாவிகளின் நிலை

சூத்திரங்களைக் குறிப்பதற்கான மேத்எம்எல் மொழி 1998ஆம் ஆண்டிலேயே வலைத் தரமாக ஏற்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் அதனைத் தொடக்கம் முதலே ஆதரித்தது. சஃபாரி 2011இல் ஆதரிக்கத் தொடங்கியது. குரோம் 2013இல் ஒரு பதிப்பில் மட்டும் ஏற்று, அடுத்த பதிப்பிலேயே நீக்கியது. இவ்விடைவெளியை 2010இல் வெளிவந்த மேத்ஜாக்ஸ் நிரல் நிரப்பியது. 2023 சனவரியில் குரோமின் 109ஆம் பதிப்பு மேத்எம்எல்லின் அடிப்படைப் பகுதியை மீண்டும் ஏற்றது. ஆகவே, ஓர் உலாவியில் தெரிவது மற்றொன்றில் தெரியாது என்னும் பழைய வாதம் பெரிதும் வலுவிழந்துவிட்டது. கணித எழுத்துரு இல்லாத கைப்பேசிகளில் மூலக்குறியும் அடைப்புக்குறிகளும் உரிய அளவில் நீளாமை எஞ்சியுள்ள குறையாகும். எழுத்துருவைப் பக்கத்துடன் சேர்த்து வழங்கின் அதுவும் தீரும்.

படமும் எழுத்தும்

படம் எங்கும் ஒரேபோல் தெரியும் என்பது அதனை ஆதரிப்போர் கூற்று. அது உண்மையே. எனினும் தோற்றம் வேறு, எழுத்து வேறு என்பதைத் தமிழுலகம் முன்னரே பட்டறிந்துள்ளது. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் வழங்கிய காலத்தில், திரையில் தமிழாகத் தெரிந்தது மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாயிற்று. அதனால்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தொடங்கி, ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்ற 2010 வரை தரப்படுத்தம் பேசப்பட்டது. படச் சூத்திரம் அதே பிழையை மீண்டும் செய்கிறது. அதனைத் தேட இயலாது. படியெடுத்துத் திருத்த இயலாது. பார்வையற்ற மாணவரின் திரைபடிப்பான் அவ்விடத்தில் ஊமையாகிவிடும்.

சூத்திரத்துள் தமிழ்

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. ‘வேகம் = தூரம் / நேரம்’ என்பதை லேடெக்ஸ் முறையில் கணிதப் பகுதிக்குள் நேரடியாக இட்டால், நிரல் ஒவ்வொரு குறியீட்டையும் தனி மாறியாகக் கொள்கிறது. ‘வே’ என்னும் ஓரெழுத்து, வகரமாகவும் ஏகாரக் குறியாகவும் பிரிகிறது. துணைக்குறி புள்ளிவட்டத்துடன் தனித்து நிற்கிறது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபு இங்குச் சிதைகிறது. தமிழ்ச் சொல்லை உரைக் கட்டளைக்குள் இடுவதே இதற்குத் தீர்வு. மேத்எம்எல்லில் முழுச்சொல்லையும் ஒரே உறுப்பினுள் வைத்தால் போதும். தீர்வு எளிதாயிருந்தும், பதிப்பாசிரியர் அதனைக் கேட்காத வரையில் கட்டுரையாளர் படத்தையே நாடுவர்.

பழந்தமிழ்ப் பின்னங்கள்

இழப்பு மிகுவது கணித வரலாற்று ஆய்விலாகும். எண்சுவடியிலும் கணக்கதிகாரத்திலும் பயிலும் முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்னங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. நிலம், நெல், பொன் ஆகியவற்றின் கணக்குகளில் வழங்கிய இக்குறிகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் ஒருங்குறியின் 12.0 பதிப்பில் ‘தமிழ்ப் பிற்சேர்க்கை’ என்னும் தொகுதியாக இடம்பெற்றன. நோட்டோ வரிசையில் இவற்றுக்கான எழுத்துருவும் உள்ளது. ஆயினும் சுவடிக் கணக்கை இன்னும் படமாகவோ இக்காலப் பின்னமாகவோ மாற்றி வெளியிட்டால், காணியும் முந்திரியும் எந்தெந்தச் சுவடியில் பயின்றுள்ளன என்பதை ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு ஆய்வாளருக்கு அடைபடும்.

முடிவுரை

உலாவிகள் தம் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டன. இனிச் செய்ய வேண்டுவது ஆய்விதழ்களின் பணியாகும். சூத்திரம் எழுத்தாகவே அளிக்கப்பட வேண்டும், தமிழ்ச் சொல் சிதையாமல் அமைய வேண்டும், பழம் பின்னங்கள் உரிய ஒருங்குறியில் வர வேண்டும் என்னும் மூன்றையும் கட்டுரையாளருக்கான நெறிமுறைகளில் சேர்த்தல் தகும். மூலபாடத்தில் ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் பொறாத தமிழ்ப் பதிப்பு மரபு, சூத்திரத்தையும் பாடமாகவே கருத வேண்டும்.