ஷஜராவில் அறுந்த கண்ணி

குலமுறை கிளத்துதல் அரபியருக்கும் தமிழருக்கும் பொதுவானதொரு கலை. அவர்கள் அதனை இல்முல் அன்ஸாப் என்றனர். நாம் வமிசாவளி என்றோம். இக்கலையின் நேர்மையைச் சோதிக்க விரும்புவோர், நாடு கடத்தப்பட்ட ஒருவரின் வழிமரபை எழுதிப் பார்க்க வேண்டும். வேரோடு பெயர்க்கப்பட்டவருக்கு ஊராரின் சாட்சியம் இல்லை. முன்னோரின் மையவாடியும் இல்லை. பெரும்பாலும் அவரைப் பெயர்த்தவனின் பதிவேடே எஞ்சும்.

எங்கள் கோபிசெட்டிபாளையத்தில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. அவர்களுடைய பாட்டனார் கொழும்பில் வாணிகம் செய்த காலத்தில், அங்குள்ள மலாயர் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். அக்குடும்பத்தின் மூத்தவர் ஒரு ஷஜராவைக் கொணர்ந்து, அதனை அரபு எழுத்தில் அழகுற வரைந்து தருமாறு கேட்டார். உச்சியில் சாவகத்தின் மத்தாராம் நாட்டு அரசர் மூன்றாம் அமங்குராத். அடியில் 1921-இல் பிறந்த பாட்டியார். இடையே மூன்றே பெயர்கள். அதனை வரைவதற்கு முன் திறனாய்வது என் கடமையாயிற்று.

ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டனர். கீழைத் தீவுகளில் தமக்கு இடையூறான அரசர்களையும் ஆலிம்களையும் அவர்கள் இலங்கைக்குக் கடத்தினர். அமங்குராத் 1708-இல் சரணடைந்து, அவ்வாறே கடத்தப்பட்டார். இதுவரை ஐயமில்லை. ஆனால் நூறாண்டுக்கு மூன்று தலைமுறை என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஒரு கணக்குத் தருகிறார். அவ்வளவைப்படி 1708-க்கும் 1921-க்கும் இடையே ஆறு பெயர்களேனும் வேண்டும். மூன்றே இருப்பின், விடுபட்டவை பல; அல்லது உச்சியிலுள்ள பெயர் பின்னர் ஒட்டப்பட்டது.

இரண்டாம் ஐயம் இதனினும் வலியது. அவ்வரசர் 1734-இல் இலங்கையிலேயே மறைந்தார். அதன் பின்னர் அவர் குடும்பத்தார் பலர் சாவகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அரச குலத்தாருக்குத் திரும்பும் வழி சில வேளை திறந்தது. ஒல்லாந்தரின் படையில் சேவித்த எளிய சிப்பாய்களுக்கும் ஏவலருக்கும் அது திறக்கவில்லை. எனவே இலங்கையில் தங்கிவிட்டவரின் வழிவந்தோர், முடியைவிடத் துப்பாக்கி சுமந்தவனைத் தேடுவதே பொருத்தம். பிற்காலத்தில் ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படையிலும், அது 1873-இல் கலைக்கப்படும் வரை, மலாயர் மிகுதியாகச் சேவித்தனர்.

மூன்றாவது குறை, அந்த ஷஜராவில் ஒரு தாயின் பெயரும் இல்லாமை. இலங்கை மலாயரின் பேச்சைக் கேட்டவர் அறிவர்: சொற்கள் மலாய்; வாக்கியத்தின் அமைப்போ, வினை இறுதியில் நிற்க, வேற்றுமை உருபு பெயரின் பின் வர, நம் தமிழை ஒத்திருக்கிறது. இது தமிழ் பேசும் முஸ்லிம் தாய்மார் வழி வந்ததா, அண்டை வாழ்வாலும் சிங்களத்தின் சேர்க்கையாலும் வந்ததா என அறிஞர் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும், தந்தையர் பெயர்களை மட்டும் அடுக்கிய ஏடு சொல்லாததை அவர்களின் நாவு சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாடு கடத்தப்பட்டோருக்குக் கண்ணியை அறாமல் காக்கத் தெரியாது என்று எண்ண வேண்டா. மக்காஸர் ஷெய்கு யூசுஃப் அவர்கள் 1684-இல் இலங்கைக்குக் கடத்தப்பட்டு, பத்தாண்டுகள் அங்கே அரபியில் நூல்கள் இயற்றினார்கள். 1694-இல் மீண்டும் நன்னம்பிக்கை முனைக்குக் கடத்தப்பட்டு, 1699-இல் அங்கே மறைந்தார்கள். தாம் பெற்ற தரீக்காக்களின் ஸில்ஸிலாவை, ஆசிரியர் பின் ஆசிரியராக, அவர்கள் எழுதி வைத்தார்கள். மேற்றிசையிலும் இதற்கு ஒப்பு உண்டு. வட அமெரிக்காவில் 1755-இல் ஆங்கிலேயரால் வெளியேற்றப்பட்ட அக்காடியர் எனும் பிரெஞ்சு மக்கள், கிராண்ட் ப்ரே ஊர்த் தேவாலயப் பதிவேடுகளை மூட்டையோடு சுமந்து லூசியானா சேர்த்தனர். இன்று அவர்தம் பேரர்கள் முன்னோரைக் காண்பது அவ்வேடுகளின் துணையால்தான்.

நம்மவரின் பதிவேடு எங்கே? கிதாபுகளின் முன்பின் வெற்றுத் தாள்களில். பிறப்பையும் வஃபாத்தையும் அங்கே குறிக்கும் வழக்கம் இலங்கை மலாயருக்கும் உண்டு. இதனைச் சொன்னதும் அந்த மூத்தவர், பாட்டியார் கொழும்பிலிருந்து கொணர்ந்த மௌலிது கிதாபு ஒன்றை எடுத்து வந்தார். கடைசித் தாளில் ஜாவி எழுத்தில் ஓர் ஆணின் பெயரும், ஒரு பெண்ணின் பெயரும், ஹிஜ்ரி ஆண்டொன்றும் இருந்தன. பெயர்களுக்கு முன்னே பட்டம் ஏதுமில்லை. அவர் முகம் சற்று வாடியது. “இவ்வளவுதானா, ஹஜ்ரத்?” என்றார். “இவ்வளவும் உண்மை, பாய்” என்றேன்.

தன் தந்தையல்லாதவரைத் தந்தையென உரிமை கொண்டாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். தந்தையர் இன்னாரென அறியப்படாதவர் மார்க்கத்தில் உங்கள் சகோதரரே என்பது அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனக் கருத்து. அறியாமையில் இழிவில்லை, புனைவிலேதான் இழிவு. ஹதீஸ் கலை வல்லார் அறுந்த இஸ்னாதை முன்கத்திஃ எனக் குறித்தனரேயன்றி, கற்பித்த பெயரால் நிரப்பினாரில்லை.

நானும் அவ்வாறே வரைந்தேன். கிதாபிலிருந்த இரு பெயர்களும் மேலே. அவற்றுக்கும் மேலே வெற்றிடம். முடிசூடிய அந்நியரை அங்கே அமர்த்தினால், கப்பலின் அடித்தட்டில் வந்து இறங்கிய சொந்தப் பாட்டனை நாமே இரண்டாம் முறை நாடு கடத்தியவராவோம்.