விவிலிய எண்களும் பொருள்கோளும்

விவிலியத்தில் வரும் எண்களை உள்ளவாறே கொள்வதா, குறிப்புப்பொருள் உடையனவாகக் கொள்வதா என்னும் வினா பழமையானது. அவ்வெண்கள் யாவும் ஒரே தன்மையின என்று கருதி இவ்வினாவை எழுப்புதலே முதற்பிழை. ஓர் எண் குறிப்புப்பொருள் தருவதாயின், அதனை அவ்வெண் நிற்கும் இடமே காட்டுதல் வேண்டும். உரைகாண்பாரின் மதிநுட்பம் மட்டும் சான்றாகாது.

மத்தேயு நூலின் முதல் அதிகாரத்தை நோக்குவோம். ஆபிரகாம் முதல் தாவீதுவரை 14 தலைமுறை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்புவரை 14, அதன்பின் கிறிஸ்துவரை 14 என ஆசிரியரே தொகை கூறுகின்றார். பெயர்களை எண்ணப் புகுவார்க்கு இடர்ப்பாடு தோன்றும். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே அகசியா, யோவாஸ், அமத்சியா என மூவர் ஆண்டமை முதலாம் நாளாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தால் விளங்கும். உசியா ஆங்கு அசரியா எனப்படுகின்றான். யோசியாவின் மகன் யோயாக்கீமும் மத்தேயுவின் பட்டியலில் இல்லை. மூன்றாம் பகுதியிலோ, எக்கோனியாவை மீண்டும் சேர்த்து எண்ணினாலன்றி 13 பெயர்களே உள. இதனை வெறும் வரலாற்றுப் பட்டியலாகப் படிப்பார் ஆசிரியர்மேல் அறியாமையைச் சுமத்த நேரும். யூத மறைநூலில் தோய்ந்த ஒருவர் அரசர் நால்வரை மறந்தார் என்பது பொருந்துமா? அவர் பெயர்களை நீக்கியதோடு அமையாது தொகையையும் எடுத்துரைத்தார். ஆதலின் அத்தொகை கருதி அமைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஏன் 14? தாவீது என்னும் பெயரை எபிரேயத்தில் மூன்று மெய்களால் எழுதுவர். அவற்றின் எண்மதிப்பு முறையே 4, 6, 4. கூட்டினால் 14 வரும். பலரும் இவ்விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்வர். யான் அத்துணை விரைய மாட்டேன். நாளாகம நூல்கள் அப்பெயரை யோத் என்னும் எழுத்தையும் கூட்டி எழுதுகின்றன. யோத்தின் மதிப்பு 10 ஆதலின் தொகை 24 ஆகிவிடும். மத்தேயு நூல் நமக்குக் கிடைத்திருப்பதும் கிரேக்க மொழியிலேயே. தொகை கருதி அமைந்தது என்பது துணிபு. தாவீதின் பெயர் கருதி அமைந்தது என்பது ஏற்கத்தக்க ஊகம். இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் ஆராய்ச்சி நெறியாகாது.

எழுத்தும் எண்ணும் ஒன்று மற்றொன்றாய் நிற்றல் தமிழர்க்குப் புதிதன்று. எட்டின் குறி அகரம், காலின் குறி வகரம் என்பதனை வைத்து வசைபாடும் தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரால் வழங்குகின்றது. எண்ணை எழுத்தாக்கிப் படித்தாலன்றி அப்பாட்டின் பொருள் நிரம்பாது. வெளிப்படுத்தல் நூலின் 13-ஆம் அதிகாரமும் இத்தகையது. விலங்கின் எண்ணை அறிவுடையோர் கணக்கிடுமாறு வெளிப்படையாகவே பணித்து, அது 666 என்கின்றது. நீரோன் கேசர் என்பதனை எபிரேய எழுத்தால் எழுதின் இத்தொகை வரும். சில படிகளில் 616 என்னும் பாடம் உண்டு. 2-ஆம் நூற்றாண்டினரான இரேனியுஸ் அப்பாடத்தை அறிந்து மறுத்தார். 1999-இல் பதிப்பிக்கப்பெற்ற ஆக்சிரிங்கஸ் பாப்பிரஸ் துண்டொன்றிலும் அதுவே காணப்படுகின்றது. இலத்தீன் வழக்கையொட்டி ஈற்று நூன் எழுத்தை நீக்கி நீரோ என எழுதினால், அதன் மதிப்பாகிய 50 குறைந்து 616 எஞ்சும். இரு பாடங்களும் ஒரே பெயரைச் சுட்டுதல் இவ்விளக்கத்திற்குப் பெரிதும் வலிவு தருகின்றது. சுவடி ஒப்புநோக்கிப் பழகியவர்க்கு இதன் அருமை புலனாகும். தமிழ் மொழிபெயர்ப்பில் தொகை மட்டும் நிற்க, அதனைப் பிறப்பித்த எழுத்துகள் மறைந்துவிடுகின்றன. அடிக்குறிப்பு ஒன்றே இக்குறையைப் போக்கும்.

யோவான் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் வரும் 153 மீன்களுக்கு இத்தகைய சான்று இல்லை. 1 முதல் 17 வரை கூட்டினால் 153 ஆகும் என்றும், கட்டளைகள் 10-உம் ஆவியின் கொடைகள் 7-உம் சேர்ந்ததே 17 என்றும் அகஸ்தீனார் விளக்கினார். மீன்வகை 153 என்பதற்கு ஜெரோம் ஒப்பியன் என்னும் கவிஞரைச் சான்று காட்டினார். ஒப்பியன் நூலிலோ அத்தொகை கூறப்படவில்லை. அகஸ்தீனாரின் கூட்டல் பிழையற்றதே. ஆயினும் எண்ணைக் கணக்கிடுமாறு யோவான் யாண்டும் கூறவில்லை. அத்தொகையை அமைத்தற்பொருட்டு எதனையும் நீக்கிய சுவடும் இல்லை. அவர் எண்ணை அடுத்துக் கூறுவது ஒன்றே: மீன்கள் அத்தனை இருந்தும் வலை கிழியவில்லை.