வாடகை உதவி: பணம் இருந்தும் ஏன் போய்ச் சேரவில்லை?

கொரோனா காலத்தில் வாடகை கட்ட முடியாமல் தவித்தவர்களுக்காக அமெரிக்கா ஒதுக்கிய பணம் கொஞ்சநஞ்சமில்லை. 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலர், 2021 மார்ச்சில் இன்னொரு 2,155 கோடி டாலர். ஆனால் 2021 ஜூலை முடியும்போது கையில் போய்ச் சேர்ந்தது சுமார் 500 கோடிதான். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு!

"அரசாங்கம்னாலே மெத்தனம்தான்"னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு அது போதுமான பதிலாத் தெரியலை. திட்டத்தை வடிவமைத்த விதத்திலேயே தாமதம் இருந்தது.

பணத்தை மத்திய அரசு நேரடியாகத் தரவில்லை. மாநிலங்களுக்கும், இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகர, மாவட்ட நிர்வாகங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு விதி. வருமானச் சான்று, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் ஒத்துழைப்பு என்று பல இடங்களில் கேட்டார்கள். யோசிச்சுப் பாருங்க: ரொக்கக் கூலி வாங்குறவர், வாய்ப்பேச்சில் குடிவந்தவர், இவங்ககிட்ட எந்தக் காகிதம் இருக்கும்? அதிகம் தேவைப்படுறவங்கதான் முதலில் வெளியே நின்னாங்க.

மோசடி நடக்காதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனா ரெண்டு தப்பையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். தகுதியில்லாதவருக்குப் போன பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியேற்ற வழக்கு ஒருவர் பேரில் பதிவானால், அடுத்த வீடு தேடும்போதெல்லாம் அது குறுக்கே வந்து நிற்கும். அமெரிக்க நிதித்துறையும் இதை உணர்ந்து, காகிதம் இல்லாவிட்டால் விண்ணப்பதாரரின் கையெழுத்திட்ட உறுதிமொழியே போதும் என்று விதியைத் தளர்த்தியது. 2021 ஆகஸ்ட் 25 அன்று அதை இன்னும் அழுத்திச் சொன்னது. மறுநாளே, வெளியேற்றத்துக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது!

எல்லா மாநிலமும் ஒரே மாதிரி தடுமாறவில்லை. வர்ஜீனியா 2020 கோடையிலேயே சொந்தமாக ஒரு வாடகை நிவாரணத் திட்டம் தொடங்கியிருந்தது. மத்தியப் பணம் வந்ததும் அதே அமைப்பு வழியாகக் கொடுத்து முன்னணியில் நின்றது. நியூயார்க் மாநிலம் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியதே 2021 ஜூன் 1-இல்தான்.

பின்னாட்களில் வேகம் கூடியது, பெரும்பகுதிப் பணமும் செலவானது. அதை மறுக்கலை. ஆனா வாடகைக்கு மாதாமாதம் தேதி உண்டு. எட்டு மாசம் கழிச்சு வர்ற உதவி, அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணினவருக்கு எதுக்கு? கஷ்டம் வந்த பிறகு அலுவலகம் திறந்து, இணையதளம் கட்டி, ஆள் எடுத்தால் இப்படித்தான் ஆகும். உதவி மூணு மாசத்துக்கு மட்டும் இருக்கட்டும். அதைக் கொடுக்கிற அமைப்பு மட்டும் எப்பவும் தயாரா இருக்கணும்.